பொட்டிக்குப் பாசம் கிடையாது

"ரெண்டுமே எனக்குப் பிடிக்கலை," என்றாள் தங்கை.

"பிடிக்கலைன்னா மூணாவதா ஒண்ணு எழுதுங்க பஞ்சு. அதுக்குத்தானே நம்மளைக் கூட்டிட்டு வந்து உக்கார வெச்சிருக்காங்க," என்றார் பக்கத்து நாற்காலி வாத்தியார்.

அந்த அறையில் எல்லோருக்கும் ஒரே வேலைதான். பேசும் இயந்திரம் ஒன்றிடம் ஒரு கேள்வி போகும். அது இரண்டு பதில் தரும். எது மேல் என்று இவர்கள் சொல்ல வேண்டும். இரண்டும் சரியில்லை என்றால் தாங்களே ஒரு பதிலை எழுத வேண்டும். அதைப் பார்த்து இயந்திரம் பேசக் கற்றுக்கொள்ளும். அந்த மாதம் வந்தவை எல்லாம் ஆஸ்பத்திரிக் கேள்விகள். படுக்கைக்குப் பக்கத்தில் வைக்கும் ஒரு சின்னப் பெட்டிக்காக. நோயாளி கேட்பார், பெட்டி பதில் சொல்லும்.

தங்கையின் திரையில் இருந்த கேள்வி இதுதான்: நான் பிழைப்பேனா? அதற்குக் கீழே ஒரு குறிப்பு. நோயின் நிலையை இவரிடம் சொல்ல வேண்டாமென்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

"முதல் பதிலைப் பாருங்க. உங்கள் நோய் குணமாகும் கட்டத்தைக் கடந்துவிட்டதுன்னு பொட்டுனு போட்டு உடைக்குது. ரெண்டாவது, கவலை வேண்டாம், நிச்சயம் குணமாகிவிடும்னு சொல்லுது. ஒண்ணு கசாப்புக்கடை, இன்னொண்ணு பச்சைப் புளுகு. இதுல எதை எடுக்கிறது?"

"நீங்கதான் மெத்தை தைக்கிறதுல கெட்டிக்காரியாச்சே. தையுங்க."

அவளுக்கு அந்த அறையில் பஞ்சு என்று பெயர் வந்ததே அதனால்தான். அவள் எழுதிய பதிலில் தலையை வைத்துத் தூங்கலாம் என்பார்கள். வாத்தியார், ஒழுக்கவியல் படிக்க ஆள் வராமல் கல்லூரியில் அந்தத் துறையையே மூடும்வரை பாடம் நடத்தியவர். அதனால் அவர் வாத்தியார். 

தங்கை விசைப்பலகையைப் பக்கத்தில் இழுத்தாள். பிறகு யோசிக்காமலே விரல்கள் அடித்தன.

'அதை அப்புறம் பேசலாம். இப்போ உங்களுக்கு எங்கே வலிக்குது, அதைச் சொல்லுங்க.'

வாத்தியார் எட்டிப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். சண்டைக்கு வருமுன் அவர் செய்வது அது.

"எங்க பிடிச்சீங்க இதை?"

"தெரியலை. தானா வந்துச்சு."

"நல்லா இருக்கு. அதுதான் எனக்குப் பயமா இருக்கு. இது பொய் இல்லை. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கன்னத்தைப் பிடிச்சு முகத்தை வேற பக்கம் திருப்பி விடுறது."

"அழற குழந்தைக்கு நிலாவைக் காட்டறதில்லையா?"

"கேட்டது குழந்தை இல்லையே பஞ்சு. வளர்ந்த மனுஷன், தன் உயிரைப் பத்திக் கேக்கிறான்."

"வீட்டுக்காரங்க வேண்டாம்னு சொல்றாங்க. அவங்களைவிட நமக்கென்ன அக்கறை?"

"வீட்டுக்காரங்க மறைக்கட்டும். அவங்களுக்கு முகம் இருக்கு. புருஷன் பொய் சொன்னா பொண்டாட்டிக்குக் கண்ணைப் பாத்தே தெரிஞ்சு போகும். இதுக்கு முகமே இல்லையே? இது மறைச்சா எவன் கண்டுபிடிப்பான்?"

"உங்களோட பேசினா பொழுது சாயும் வாத்தியாரே. உண்மை உண்மைன்னு நெஞ்சுல கல்லைத் தூக்கிப் போடச் சொல்றீங்க."

அவர் மூக்குக் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதற்குள் மேற்பார்வை பார்க்கும் பெண் பின்னால் வந்து நின்று, படித்துவிட்டு, "மேம், சூப்பர். இதையே மாதிரியா வெச்சுக்கலாம். இந்த வகைக் கேள்விக்கெல்லாம் இதே சாயல்ல போகட்டும்," என்றாள்.

தங்கைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

*

அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். பிள்ளைகளுக்கு அவள் வேனக்கா. பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் வேனக்காதான். ஒருமுறை நடுவழியில் டயர் பஞ்சராகி, எப்ப வீட்டுக்குப் போவோம் என்று சின்னதுகள் உதடு பிதுக்கியபோது, இதோ போயிடலாம் என்று அவள் சொல்லவில்லை. ஜாக்கியை இறக்கி வைத்துவிட்டு, "நேரமாகும். ஸ்டெப்னியிலயும் காத்து இல்லை. அழறவங்க இப்பவே அழுதுடுங்க, நான் பக்கத்துலதான் இருக்கேன்," என்றாள். இரண்டு பேர் அழுதார்கள். அவர்களை மடியில் போட்டுக்கொண்டு மெக்கானிக்குக்குக் காத்திருந்தாள். குடும்பத்தில் எல்லோரும் சொல்லிச் சிரிக்கும் கதை இது.

இருமல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவளை அங்கேயே படுக்க வைத்துவிட்டார்கள். டாக்டர் அத்தானையும் தங்கையையும் தனியாக அழைத்துச் சொன்னார். நுரையீரலில் கட்டி. மற்ற இடங்களுக்கும் போய்விட்டது. வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

அத்தான் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். எந்தப் பேச்சையும் இரண்டு வார்த்தையில் முடிக்கிறவர். அன்றைக்கு நிறையப் பேசினார்.

"அவகிட்ட சொல்லாதீங்க டாக்டர். வேன்ல உக்காந்தா புலி மாதிரி தைரியம். ஆனா உள்ளுக்குள்ள அப்படி இல்லை. எனக்குத்தான் தெரியும். இதைக் கேட்டா அன்னிக்கே போயிடுவா. நீர் கோத்திருக்குன்னு சொல்லுங்க. மருந்துல வத்திடும்னு சொல்லுங்க."

"அவங்க என்னைக் கேட்டா?"

"கேட்டா ரிப்போர்ட் வரலைன்னு சொல்லுங்க. கும்பிட்டுக் கேக்கிறேன்."

 தங்கைக்கும் அதுதான் சரி என்று பட்டது.

வெளியே வந்ததும் நர்ஸ், தூங்கிக்கொண்டிருந்த அக்காவின் படுக்கைப் பக்கத்துப் பெட்டியைக் காட்டி, "இதுலயும் மாத்தி வெச்சிடறேன். வீட்டுக்காரங்க சொல்ல வேண்டாம்னா இதுவும் சொல்லாது. பயப்படாதீங்க, நல்ல பக்குவமா பேசும்," என்று அதில் ஒரு இடத்தைத் தொட்டாள்.

"தெரியும். நான் வேலை பாக்கிற இடத்துலதான் இதுக்குப் பேசச் சொல்லிக் குடுத்தோம்," என்றாள் தங்கை. பிறகு அத்தானிடம், "கவலைப்படாதீங்க அத்தான். கரடுமுரடா ஒரு வார்த்தை பேசாது. பாத்துக்கும்," என்றாள்.

முதல் நாளே அக்கா பெட்டியை வம்புக்கு இழுத்தாள்.

"ஏய் பொட்டி. உனக்கு லைசென்ஸ் இருக்கா?"

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதுங்க," என்றது பெட்டி.

"பின்ன என்ன தெரியும்?"

"நீங்க கேட்டா சொல்வேன். மருந்து நேரம் ஞாபகப்படுத்துவேன். தூக்கம் வரலைன்னா பேச்சுத் துணைக்கு இருப்பேன்."

"என் புருஷனைவிடத் தேவலை," என்றாள் அக்கா. பக்கத்துக் கட்டில்காரி சிரித்து, தையல் வலித்து, ஐயோ என்றாள்.

ஆனால் அக்காவின் கண் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. பின்னால் பார்க்கும் கண்ணாடியிலேயே வாழ்க்கையை ஓட்டியவள். ஒருநாள் அத்தான் ஆரஞ்சு உரித்துக் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போனதும், சுளையை விரலில் பிடித்தபடி சொன்னாள்.

"பாப்பா, இதைப் பாத்தியா? கல்யாணமான நாள்லேர்ந்து இந்த மனுஷன் எனக்கு ஒரு பழம் உரிச்சுக் குடுத்ததில்லை. இப்ப கொட்டைகூட எடுத்துட்டுத் தராரு. என்ன நடக்குது இங்க?"

"நீ படுத்திருக்கே. பாவம்னு செய்யறாரு."

"உன் மூஞ்சியும் நல்லால்லை. டாக்டரைக் கேட்டா ரிப்போர்ட்டைத் தேடறாரு. நர்ஸைக் கேட்டா டாக்டரைக் கேக்கச் சொல்றா. ஒருத்தருக்கும் என் கண்ணைப் பாக்க முடியலை."

தங்கை ஃபிளாஸ்கைத் திறந்து மூடினாள்.

"அதான் ஒரு வேலை பண்ணினேன்," என்றாள் அக்கா. "இந்தப் பொட்டிகிட்டயே கேட்டுட்டேன். என் மக வயித்துப் பிள்ளையோட கடல் தாண்டி இருக்கா, அவளை வரச் சொல்லவா, வேண்டாமான்னு."

"என்ன சொல்லுச்சு?"

"அவளுக்கு இந்த நேரத்துல ஓய்வு முக்கியமாம். பிரயாணம் பத்தி அவ டாக்டரைக் கேட்டுக்கணுமாம். நான் மனசை நிம்மதியா வெச்சுக்கிட்டாலே அவளுக்குத் தெம்பாம். எனக்கும் சரின்னு பட்டுச்சு."

"பொட்டி சொன்னா உடனே நம்பிடுவியா?"

"ஏன் நம்பக் கூடாது? நீங்கள்லாம் பாசத்துல புளுகுவீங்க. பொட்டிக்கு என் மேல பாசமா, பந்தமா? அது புளுகி என்னத்தை அள்ளிக்கப் போகுது? ஏதாவது இருந்திருந்தா, கூப்பிடும்மான்னு சொல்லியிருக்கும்ல?"

அவள் சொன்னதில் ஒரு தெளிவு இருந்தது. தங்கை எதையோ சொல்ல வாயெடுத்தபோது அத்தான் திரும்பி வந்துவிட்டார். மகளிடமிருந்து போன் வந்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, இங்க டாக்டரைக் கேட்டேன். இந்த வாரம்னா பிளேன் ஏறலாமாம். இது தாண்டினா ஏத்த மாட்டாங்களாம். வரட்டுமா?"

"எதுக்கு?"

"உன்னைப் பாக்கத்தான். எதுக்காம்."

"நெஞ்சுல நீர். வத்திட்டு வருது. இதுக்குப் போய் வயித்தைத் தூக்கிட்டு அலையறேங்கிறியே. பிள்ளையைப் பெத்துக் கையில எடுத்துக்கிட்டு வா. அதுக்குள்ள நான் வேன்ல உக்காந்து ஹாரன் அடிச்சுக்கிட்டு இருப்பேன்."

"சித்தி இருக்காங்களா? சித்தி, நிஜமாவே ஒண்ணும் இல்லையே?"

அறையில் எல்லோருமே தங்கையைப் பார்த்தார்கள். அத்தானின் பார்வை கெஞ்சியது. அக்காவின் பார்வை, சொல்லேன்டி அவகிட்ட என்று சிரித்தது.

"அம்மாதான் சொல்றாளே கண்ணு," என்றாள் தங்கை.

பிற்பாடு தாழ்வாரத்தில் அத்தானைப் பிடித்து, "அத்தான், சொல்லிடலாமா? அவ வர்றதுன்னா இப்ப விட்டா முடியாது," என்றாள்.

"இவளே வேண்டாம்னுட்டாளே. எவ்வளவு நிம்மதியா இருக்கா பாத்தியா? நேத்து நல்லாத் தூங்கினா. நீதானே சொன்னே, அந்தப் பொட்டி பக்குவமா பாத்துக்கும்னு? பாத்துக்கிச்சே."

அந்த வாரம் போனது.

*

அதன்பின் அக்காவின் மூக்கில் குழாய் ஏறியது. பேச்சு துண்டு துண்டாக வந்தது. அங்கே மகளை அவள் டாக்டர் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாதென்று சொல்லிவிட்டார். பிளேன் என்ற பேச்சே இல்லை.

ஒரு காலையில் தங்கை கஞ்சியோடு வந்தபோது அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். திரும்பவில்லை.

"பாப்பா. கதவைச் சாத்து."

சாத்தினாள். பக்கத்துக் கட்டில் காலியாகிவிட்டிருந்தது.

"இங்க வந்து நில்லு. நான் கேக்கிறதைக் கேளு." பெட்டியின் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "ஏய் பொட்டி. நான் பிழைப்பேனா?"

"அதை அப்புறம் பேசலாம்," என்றது பெட்டி, மெத்தென்ற குரலில். "இப்போ உங்களுக்கு எங்கே வலிக்குது, அதைச் சொல்லுங்க."

தங்கையின் கையில் கஞ்சிப் பாத்திரம் சுட்டது. வைக்கத் தோன்றவில்லை.

"விடியறப்பவும் கேட்டேன்," என்றாள் அக்கா. "இதையேதான் சொல்லுச்சு. உங்களுக்குன்னு மரியாதை மட்டும் சேத்திருக்கு. மத்தபடி அது என் வாக்கியம்."

"உன்னோடதா?"

"ஞாபகம் இல்லையா உனக்கு? எப்படி இருக்கும், பாவாடையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஓடற வயசு. அம்மாவை ஆஸ்பத்திரியில வெச்சிருந்தாங்க. நாம எதிர்வீட்டு அத்தைகிட்ட இருந்தோம். தினமும் என்னை வந்து கேப்பே. அம்மா எப்ப வருவாங்க, அம்மா எப்ப வருவாங்கன்னு. விழுந்து முழங்கால்ல தோல் பேந்திருந்தது உனக்கு. நான் சொல்வேன், அதை அப்புறம் பேசலாம், இப்ப எங்க வலிக்குது, அதைச் சொல்லுன்னு. நீ உடனே காலைக் காட்டுவே. ஊதி விடுவேன். சரியாப் போச்சுன்னு ஓடிடுவே."

தங்கைக்கு வாக்கியம் ஞாபகம் இல்லை. ஊதிய காற்றின் குளிர்ச்சி ஞாபகம் வந்தது.

"எனக்கு அது..." என்று ஆரம்பித்தாள். "எனக்கு அது ஆறுதலா இருந்திருக்கும் அக்கா. அதான் உள்ளயே தங்கியிருக்கு. எழுதறப்ப தானா வந்துச்சு."

"உனக்கு ஆறுதல். ஏன்னா நீ கேட்டவ." அக்கா மூச்சு வாங்கக் காத்திருந்தாள். "நான் சொன்னவடி. நான் அதை எப்பச் சொல்ல ஆரம்பிச்சேன் தெரியுமா? அம்மாவைச் சுடுகாட்டுல கொண்டு போய்ச் சேத்துட்டு வந்த அன்னிக்கு. சின்னவகிட்ட சொல்லாதேன்னு பெரியவங்க சொல்லிட்டாங்க. எனக்குப் புளுகவும் தெரியலை. சொல்லவும் முடியலை. அப்ப கண்டுபிடிச்சதுதான் அது. அந்த வாக்கியத்துக்குள்ள என்ன இருக்குன்னு உலகத்துல எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அதுக்குள்ள ஒரு பொணம் இருக்கு பாப்பா."

தங்கை பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"கட்டிதானே?"

"ஆமா அக்கா."

"பரவிடுச்சா?"

"ஆமா."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"அத்தானுக்கு. எனக்கு. டாக்டருக்கு."

"பொட்டிக்கு?"

தங்கை தலையை மட்டும் ஆட்டினாள்.

"மக வரட்டுமான்னு கேட்டாளே. இங்கதான் நின்னே. இதே இடத்துல. வான்னு ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனே. இந்நேரம் இந்தக் கட்டில்ல உக்காந்திருப்பா. வயித்துல கையை வெச்சுப் பாத்திருப்பேன்."

"பாசத்துலதான் அக்கா..."

"தெரியும்டி. தெரிஞ்சுதான் உன்னைக் கேக்கலை. பாசம் இல்லாத ஒண்ணு கிட்ட போய்க் கேப்போம்னு அதைக் கேட்டேன்." அக்கா பெட்டியைப் பார்த்தாள். அவள் கோபமாக இல்லை. களைத்திருந்தாள். "அதுக்குள்ளயும் நீயே வந்து உக்காந்திருக்கியே பாப்பா. நான் வேற யாரைத்தான் கேக்கிறது?"

*

"எடுத்துடலாம் மேம்," என்றாள் மேற்பார்வை பார்க்கும் பெண். "ஆனா அது இப்ப தனியா ஒரு வாக்கியமா எங்கயும் இல்லையே. நீங்க ஒண்ணு எழுதினீங்க, அதே சாயல்ல எல்லாரும் எழுதினாங்க, எல்லாத்தையும் அது படிச்சு, இப்ப அதோட குணமாவே ஆயிடுச்சு. அடுத்த பதிப்புல பாக்கலாம்."

"அடுத்த பதிப்பு எப்ப?"

"மேலதான் முடிவு பண்ணணும். சொல்லப்போனா இதுக்குத்தான் நல்ல மார்க் வருது. எந்த ஆஸ்பத்திரியா இருந்தாலும் வீட்டுக்காரங்க அவ்வளவு திருப்தியா சொல்றாங்க."

"நோயாளிங்க என்ன சொல்றாங்கம்மா?" என்றார் வாத்தியார் தன் நாற்காலியிலிருந்து.

அந்தப் பெண் நல்ல பெண். யோசித்துத்தான் சொன்னாள். "அவங்ககிட்ட கேக்கிறதில்லை சார். கேக்கிற நேரத்துல அவங்க... இருக்க மாட்டாங்கல்ல."

டீ குடிக்கும் இடத்தில் வாத்தியார் அவளுக்கும் சேர்த்து ஒரு கப் வாங்கி வந்தார். அன்றைக்கே நான் சொன்னேனே என்று அவர் ஆரம்பிப்பார் என்று தங்கை எதிர்பார்த்தாள். அதற்காகத் தலையைக்கூடக் குனிந்துகொண்டாள். அவர் கப்பை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"சொல்லுங்க வாத்தியாரே. திட்டுங்க."

"எதுக்குத் திட்டணும்? நான் என் வீட்டுக்காரிகிட்ட உண்மையைத்தான் சொன்னேன். அவளுக்கும் இதே மாதிரிதான். என் படிப்பு, என் பாடம் எல்லாம் சேர்ந்து, மறைக்கிறது தப்புன்னுச்சு. ரிப்போர்ட் வந்த அன்னிக்கே பக்கத்துல உக்காந்து தெளிவா சொன்னேன். வகுப்புல சொல்ற மாதிரி."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலை. சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்தா. அப்புறம் என்னோட பேசவே இல்லை. கடைசி வரைக்கும். மத்தவங்களோட பேசினா."

தங்கை அவரை நிமிர்ந்து பார்த்தாள். நெஞ்சில் கல்லைத் தூக்கிப் போடச் சொல்கிறீர்கள் என்று அன்றைக்குச் சொன்னது நினைவுக்கு வந்தது.

"அப்ப எதுதான் சரி?"

"சொன்னது சரிதான். இன்னிக்கும் அதைத்தான் சொல்வேன். சொன்ன கையோட எழுந்து வேலைக்குக் கிளம்பிட்டேன், அதுதான்..." அவர் முடிக்கவில்லை. "உண்மையைச் சொல்லியாச்சு, நம்ம கடமை தீந்துச்சுன்னு நினைச்சுட்டேன் பஞ்சு. அவ அழறதுக்குப் பக்கத்துல ஆள் வேணும்னு தோணலை."

டீ ஆறிப்போயிருந்தது. இரண்டு பேரும் அதைக் கொட்டவில்லை. குடித்தார்கள்.

*

மறுநாள் மத்தியானம் அக்கா போனைக் கேட்டாள்.

அத்தான் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். அக்காவுக்குத் தெரிந்துவிட்டது என்று அறிந்ததிலிருந்து அவர் பழம் உரிப்பதை நிறுத்திவிட்டார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் வைத்திருந்தார்.

"மகளுக்குச் சொல்லப் போறியா?" என்றார்.

"தெரியலை."

"வேண்டாம்மா. அவ இருக்கிற நிலையில... பிள்ளை வேற. பெத்து முடிக்கட்டும்."

"அப்பத்துக்கு நான் இருக்க மாட்டேனே."

"அதுக்குத்தான் சொல்றேன். தெரிஞ்சு அவளால என்ன பண்ண முடியும்? வர முடியாது. அங்க கிடந்து தவிப்பா."

அக்கா தங்கையைப் பார்த்தாள். "நீ என்னடி சொல்றே? நீதான் இதையெல்லாம் எது சரி, எது தப்புன்னு ஊருக்கே எழுதிக் குடுக்கிறவ."

"எனக்குத் தெரியலை அக்கா," என்றாள் தங்கை.

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாயிற்று. அடங்கியதும் போனை நெஞ்சில் வைத்து ஸ்பீக்கரை அமுக்கினாள்.

"அம்மா! குரல் கேட்டு எத்தனை நாளாச்சு. எப்படி இருக்கே? நீர் வத்திடுச்சா?"

"நீ எப்படி இருக்கே?"

"உருண்டுக்கிட்டு இருக்கேன். கால் ரெண்டும் வீங்கி யானைக்கால். உன் பேரப்பிள்ளை இருக்கே, உன்னை மாதிரியே, விடிஞ்சா போதும், வேன் எடுத்துடுது உள்ள. அம்மா, நீ எப்ப வீட்டுக்குப் போவே?"

அக்கா கண்ணை மூடினாள்.

"அதை அப்புறம் பேசலாம்," என்றாள். "இப்ப உனக்கு எங்க..."

நின்றாள். அடுத்த வார்த்தை நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்திருந்தது தங்கைக்குத் தெரிந்தது. அது எவ்வளவு சுலபமாக வெளியே வரும் என்பதும் தெரிந்தது.

"அம்மா? கேக்கலை. எங்க என்ன?"

அக்கா மூக்குக் குழாயைச் சற்று ஒதுக்கினாள்.

"இல்லை கண்ணு. இப்பவே பேசிடலாம். அப்புறம்னு ஒண்ணு எனக்கு இல்லை."

"என்ன சொல்றே?"

"நீர் இல்லை. கட்டி. உள்ள எல்லா இடத்துலயும் போயிடுச்சு. நான் வீட்டுக்குப் போகப் போறதில்லை. உன் பிள்ளையை நான் பாக்க மாட்டேன்."

 மறுமுனையில் ஒரு சத்தம். பேச்சும் அழுகையும் அல்லாத ஒன்று.

"நீதானே... நீதானேம்மா வராதேன்னே! நான் கேட்டேனே!"

"அப்ப எனக்குத் தெரியாதுடி."

"சித்தி! சித்தி இருக்காங்களா? உங்களுக்குத் தெரியுமா? அன்னிக்கு உங்களைக் கேட்டேனே!"

தங்கைக்கு ஒரு நல்ல பதில் தோன்றியது. பஞ்சு வைத்துத் தைத்த பதில். அதை விழுங்கினாள்.

"தெரியும் கண்ணு. தெரிஞ்சுதான் மறைச்சேன்."

"ஏன்? ஏன் சித்தி? நான் வந்திருப்பேனே. இந்நேரம் வந்திருப்பேனே..."

"சித்தியை நிதானமா திட்டிக்கலாம். அவ எங்கயும் போயிட மாட்டா," என்றாள் அக்கா. "இப்ப அழு. நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்ல, இப்பவே அழு. அதுக்குத்தான் சொன்னேன். நான் போனப்புறம் தனியா உக்காந்து அழுதா உன்னை யாரு தட்டிக் குடுப்பா?"

மகள் அழுதாள். அந்தச் சின்னப் போனுக்குள் அடங்காத அழுகை. அக்கா ஒவ்வொரு விம்மலுக்கும், "ம்... ம்... ஆமா கண்ணு... ம்..." என்று சொல்லிக்கொண்டே, போனின் முதுகை இரண்டு விரலால் தட்டிக் கொடுத்தாள்.

அழுகைச் சத்தம் கேட்டுப் பெட்டியில் விளக்கு எரிந்தது. "யாரோ வருத்தமா இருக்கிற மாதிரி தெரியுது. இப்போ உங்களுக்கு எங்கே வலிக்குது, அதைச் சொல்லுங்க."

"எல்லா இடத்துலயும்," என்றாள் அக்கா. "நீ சும்மா இரு."

விளக்கு அணைந்தது.

தங்கை சுவரோரம் நின்றபடியே இருந்தாள். அத்தான் முகத்தைத் துண்டில் புதைத்திருந்தார். அக்கா போனைத் தட்டுவதை நிறுத்தாமல், மற்றக் கையால் கட்டிலின் ஓரத்தைத் தடவி இடம் பண்ணினாள்.

"நீ ஏன்டி அங்க நிக்கறே? வா. வந்து உக்காரு. அன்னிக்கு உன்னைத்தானே நான் அழவே விடலை."

தங்கை உட்கார்ந்தாள்.

அழுகைக்கு நடுவே போன் டிங் என்றது. சார்ஜ் தீரப் போகிறது. "ஐயோ, கட் ஆயிடும்," என்றாள் மகள், பயந்த குழந்தைக் குரலில். "அம்மா, கட் பண்ணாதே, கட் பண்ணாதே."

அத்தான் எழுந்து பையைக் கவிழ்த்துச் சார்ஜரைத் தேடினார். பிளக்கில் மாட்டினார். வயர் கட்டில்வரை எட்டவில்லை. ஒரு கணம் வயரின் நுனியைப் பிடித்தபடி நின்றார். பிறகு குனிந்து, சக்கரங்களின் பூட்டை ஒவ்வொன்றாகக் காலால் தட்டி விடுவித்து, மனைவியோடும் மைத்துனியோடும் சேர்த்துக் கட்டிலைச் சுவர்ப் பக்கம் மெதுவாகத் தள்ளினார்.